கத்தி கைமாறுகிறது

நாவிதர்கள் கீழே வைத்துவிட்ட சவரக்கத்தியை உத்தியோகஸ்த இளைஞர்கள் கையில் எடுக்கிறார்கள். எடுத்தவர்கள் படும் பாடு, பழகியவர்கள் காணும் சுகம், நடுவே நிற்கும் சில சங்கடமான கேள்விகள்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு நாற்காலிகளும் ரசம் போன மூன்று கண்ணாடிகளும் உள்ள ஒரு சிறு சலூனில், காலை ஆறரை மணிக்கு, சுவாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு அன்றைய தினசரியைப் பிரித்துக்கொண்டிருந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவரின் எதிரே, சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த இளைஞன் ஒருவன் சிறு தோற்பெட்டி ஒன்றைப் பயபக்தியோடு திறந்துவைத்தான். உள்ளே, கருங்காலிப் பிடியும் கண்ணாடிபோல் மின்னும் அலகுமாக, ஜெர்மனி தேசத்து ஸோலிங்கன் நகரில் செய்த மடக்குச் சவரக்கத்தி ஒன்று படுத்திருந்தது. இளைஞனுடைய இடது கன்னத்தில் மூன்று கீறல்களும் மோவாயில் ஒரு பிளாஸ்திரியும் இருந்தன. அவன் அன்று சலூனுக்கு வந்தது சவரம் செய்துகொள்வதற்காக அல்ல; சவரம் செய்யக் கற்றுக்கொள்வதற்காக.

பெரியவர் கத்தியை விரித்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே அலகைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு கட்டைவிரல் நுனியை விளிம்பின் குறுக்கே, தொட்டும் தொடாமலும், ஒருமுறை நகர்த்தினார். குறுக்கே என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும், நெடுக ஓட்டிப் பார்ப்பவனுக்கு விரல் மிஞ்சாது. கடைசியில் தம் முன்கை ரோமத்தில் வைத்து இழுத்தார். ரோமம் நாணல்போல் வளைந்து கொடுத்ததே தவிர, ஒன்றுகூட அறுபடவில்லை.

"கத்தி உசத்தியான கத்திதான், தம்பி. ஆனா இது இன்னும் சாணையே காணலையே. இதை வெச்சா மொகத்துல இழுத்தீங்க?"

"புதுசுங்க ஐயா. பதினெட்டாயிரம் ரூபாய்."

"வெலையா முடியை அறுக்கும்?" என்றார் பெரியவர். சொல்லிவிட்டு எழுந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கோத்து டப்பாவை இறக்கித் தூசி தட்டலானார்.

பழைய பயம், பழைய பாடம்

மடக்குக்கத்தியால் தாமே முகம் மழித்துக்கொள்ளும் ஆசை, நம் நகரங்களில் தாடி மோகத்தின் பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. தாடியை வளர்ப்பவனுக்கு அதன் எல்லைக்கோட்டைச் செம்மையாக வகுக்க ஒரு கூர்மையான அலகு தேவைப்படுகிறது. அதைத் தேடிப் போகிறவன் தாத்தா காலத்துக் கத்தியில் வந்து நிற்கிறான். 2012-இல் வெளிவந்த 'ஸ்கைஃபால்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில், கதாநாயகனின் தொண்டைமேல் ஒரு பெண் மடக்குக்கத்தியை நிதானமாக ஓட்டும் காட்சியைப் பார்த்த பிறகுதான் தங்களுக்கு இந்தப் பித்துப் பிடித்தது என்று ஒப்புக்கொள்பவர்களும் உண்டு.

நாவிதர் துணையின்றித் தன் கழுத்தில் தானே கத்தி வைக்கத் துணிந்த மனிதனுடைய பயம் நேற்று வந்ததல்ல. 1769-இலேயே ழான் ழாக் பெரே என்ற பிரெஞ்சுக் கத்திக் கொல்லர், தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளும் கலையைக் கற்பிப்பதற்கென்று ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தப் பயத்தை வியாபாரமாக்கியவர் அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட். 1903-ஆம் ஆண்டு முழுவதும் அவருடைய கம்பெனி விற்றது 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும்தான். மறு வருஷமே காப்புரிமை கிடைத்தது. விற்பனையும் ஆயிரக்கணக்கில் பெருகியது. முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்க அரசாங்கம் தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேஸர்களை வாங்கிற்று. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள், அந்தப் பழக்கத்தையும் மூட்டையோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு 1971-இல் இரட்டை அலகு, 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து. அலகுகளின் எண்ணிக்கை கூடக் கூட, கையில் இருக்கவேண்டிய சாமர்த்தியம் சிறிது சிறிதாகக் கருவிக்குள் போய் ஒளிந்துகொண்டது. அந்தச் சாமர்த்தியத்தைத் திரும்பக் கைக்கே கொண்டுவர விரும்புகிறவர்கள்தாம் இன்று கத்தி வாங்குகிறார்கள். பெரும்பாலோர் கத்தியை வாங்கிவிட்டுச் சாமர்த்தியத்தை வாங்க மறந்துவிடுகிறார்கள் என்பதே, பல மாதங்களாக இந்த விஷயத்தில் அலைந்து திரிந்ததில் என் அபிப்பிராயம்.

---

சேலத்து இரும்பு, ஷெஃபீல்டுக் கத்தி

■ மூசையில் இட்டு உருக்கிய தென்னிந்திய எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள். கன்னடத்து 'உக்கு', தமிழின் 'உருக்கு' ஆகிய சொற்களோடு உறவுடைய பெயர் இது. ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வில் பழங்கால உலைகளின் சுவடுகள் கிடைத்துள்ளன.

■ லண்டன் கத்தி வியாபாரி ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைக் காட்டிலும் இந்திய வூட்ஸையே தாம் விரும்புவதாகத் தம் கடை விளம்பரச் சீட்டிலேயே அச்சிட்டிருந்தார். அதில் அவர் குறிப்பிட்ட சரக்குகளில் சவரக்கத்தியும் ஒன்று.

■ அவருடன் சேர்ந்து மைக்கேல் ஃபாரடே எஃகுக் கலவைகளை ஆராய்ந்து, 1820-இலும் 1822-இலும் கட்டுரைகள் வெளியிட்டார். அவ்வாறு உருவான எஃகில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசளித்ததும் உண்டு.

■ சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், 1839-இல் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு அதனால் செழித்தது. ஹீத்துக்கு வழக்குகளே மிஞ்சின.

---

எந்தக் கத்தி?

கடையில் இரண்டு ஜாதிக் கத்திகள் கிடைக்கும். ஒன்று, பாதி பிளேடைச் செருகிப் பயன்படுத்தும் பிளேடு கத்தி. சலூன்களில் இன்று காண்பது இதுவே, சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மற்றொன்று, அலகையே சாணை பிடித்துத் தீட்டி ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ளும் அசல் கத்தி. முதலாவதில் பழகிவிட்டு இரண்டாவதற்குப் போகலாம் என்று பலரும் யோசனை சொல்வார்கள். இந்த யோசனையில் எனக்குப் பாதி சம்மதந்தான். பிளேடு கத்தி மெல்லியது, கனமில்லாதது, தவறு செய்தால் மன்னிக்காதது. அதன் கோணமும் அசல் கத்தியின் கோணமும் ஒன்றல்ல. ஆனால் செலவு குறைவு, சாணைத் தொல்லை இல்லை, தனக்கு இந்தக் கலை ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்வதற்குப் போதும். பத்து நாளில் மனம் சலித்தவன் அங்கேயே நின்றுகொள்ளலாம், நஷ்டமில்லை.

அசல் கத்திதான் வேண்டும் என்பவர்கள், அலகின் அகலம் 5/8 அங்குலமும், முனை சதுரமாக இல்லாமல் உருண்டும், இரு பக்கமும் குழிவாகத் தேய்த்தும் இருப்பதைப் பார்த்து வாங்கவேண்டும். சதுரமுனைக் கத்தி மீசையோரத்தைச் செதுக்குவதற்கு உகந்தது. புதியவன் கையிலோ அந்த முனை காதுமடலையும் உதட்டோரத்தையும் தேடிப் போய்க் குத்தும். எல்லாவற்றையும்விட முக்கியம், கத்தி சவரத்துக்குத் தயாராகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்வது. தொழிற்சாலையிலிருந்து வரும் விளிம்பு காகிதத்தை வெட்டும்; கையைக்கூட வெட்டும்; நனைந்த தாடியை வெட்டாது. கும்பகோணத்துக்கு வந்த இளைஞனின் மூன்று கீறல்களுக்கும் இதுவே காரணம். மழுங்கிய கத்திக்காரன் அழுத்துகிறான். அழுத்தினால் கத்தி முடியை விட்டுவிட்டுத் தோலைப் பிடித்துக்கொள்கிறது.

பழைய கத்திகளையும் அலட்சியம் செய்யவேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பித்தளைப் பூட்டுகளுக்கும் மணி ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்த ஒரு பிரெஞ்சுக் கத்தியை நான் முந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கினேன். மேலே படிந்திருந்த துருவைக் கண்டு அஞ்சவில்லை. அது தேய்த்தால் போய்விட்டது. விளிம்பிலேயே அரிசிப்பொட்டு அளவுக்கு ஒரு துருக்குழி இருந்ததைத்தான் நான் கவனிக்கத் தவறினேன். அந்தக் கத்தி இன்று என் மேஜையில் கடித உறை கிழிக்கும் உத்தியோகம் பார்க்கிறது.

வாரும் கல்லும்

சவரக்கத்திக்குச் சாணைக்கல் வேறு, தோல்வார் வேறு என்பதைப் புதியவர்கள் முதலில் மனத்தில் இருத்தவேண்டும். கல் எஃகைத் தேய்த்து விளிம்பைப் புதிதாக உண்டாக்குகிறது. இது சில மாதங்களுக்கு ஒருமுறை செய்யவேண்டிய காரியம். வார், இருக்கும் விளிம்பை நிமிர்த்திச் சீராக்குகிறது. இது ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் செய்யவேண்டிய நித்திய கடமை. முடியோ மிருது, எஃகோ அதைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினம்; அப்படியிருக்க எஃகு ஏன் மழுங்கவேண்டும் என்று கேட்கத் தோன்றும். இதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள், மின்னணு நுண்ணோக்கியின் கீழ் முடியை மழித்துப் பார்த்து 2020-இல் 'சயின்ஸ்' சஞ்சிகையில் விடை சொன்னார்கள்: விளிம்பு மெள்ளத் தேய்ந்து உருளுவதைவிட, முடி வளைந்து பக்கவாட்டில் அழுத்தும்போது, எஃகின் அமைப்பு சீராக இல்லாத இடங்களில் நுண்ணிய சில்லுகளாகத் தெறிக்கிறதாம். கத்தியின் மேல் முடி நேராக நிற்காமல் சாய்ந்தால் கத்திக்குக் கேடு. முடியை நன்றாக நனைத்து மிருதுவாக்கு என்று நாவிதர்கள் வழிவழியாகச் சொல்லிவந்தது, முகத்துக்கு மட்டுமின்றிக் கத்திக்கும் செய்த உபகாரம் என்று இதிலிருந்து தெரிகிறது.

வாரில் தீட்டும் விதம் கண்ணுக்கு வெகு சுலபமாகவும் கைக்கு வெகு கஷ்டமாகவும் இருப்பது. வாரின் ஒரு முனையை ஆணியிலோ கதவுக் கைப்பிடியிலோ மாட்டி, மறுமுனையைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளவேண்டும். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரத் தோலைத் தொடும்படி படுக்கவைத்து, முதுகு முன்னே போக விளிம்பு பின்னே வரும்படி ஓட்டவேண்டும். முனைக்கு வந்ததும், முதுகைத் தோலிலிருந்து எடுக்காமலே, அதன்மேல் கத்தியைப் புரட்டித் திரும்பி வரவேண்டும். விளிம்பின்மேல் புரட்டினால் ஒரே நொடியில் வாரும் போச்சு, கூரும் போச்சு. முரட்டுத் துணிப் பக்கத்தில் இருபது தடவை, தோல் பக்கத்தில் நாற்பது ஐம்பது தடவை. அழுத்தம், கத்தியின் சொந்த கனத்துக்கு மேல் குன்றிமணியளவுகூடக் கூடாது. வேகம் தானே வரும். சினிமாவில் பார்த்த வேகத்தை முதல் நாளே வரவழைக்கப் பார்த்து, என்னுடைய புது வாரின் நடுவில் பிறைச்சந்திரன்போல் ஒரு வெட்டை நான் போட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. ஆகவே முதல் வார் மலிவானதாக இருக்கட்டும் என்பது அநுபவத்தில் கண்ட யோசனை.

கல்லைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. 1000 எண் கல்லில் சாய்வை உண்டாக்கி, 4000, 8000 என்று படிப்படியாக ஏறி, 12000-இல் மெருகேற்றுவது இக்காலத்து முறை. பெல்ஜியத்து ஆர்டென் பிரதேசத்தில் வெட்டியெடுக்கும் இயற்கைக் கல்லுக்கு உயிரை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லைத் தொடுவதால் கோணம் தானே அமைந்துவிடும். கைக்குத் தேவை பொறுமை ஒன்றுதான். ஆனாலும் முதல் வருஷத்தில் கல்லைத் தொடாமல், தெரிந்தவரிடம் கொடுத்துச் சாணை பிடித்துக்கொள்வதே விவேகம். இல்லாவிட்டால் சவரம் சரியாக வராதபோது குற்றம் கையிலா, கத்தியிலா, கல்லிலா என்று தெரியாமல் திண்டாட நேரும்.

முதல் நாள்

அவசர காரியம் உள்ள நாளில் ஆரம்பிக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் குளியலறைக் கதவைத் தட்டாத வேளை உத்தமம். வெந்நீரில் முகத்தைக் கழுவி, வெந்நீரில் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிஷம் தாடியின்மேல் போர்த்தியிருந்து, பிறகு சோப்பைப் பிரஷால் குழைக்கவேண்டும். டப்பாவிலிருந்து பீச்சும் நுரை இங்கே உதவாது. அதில் காற்றே அதிகம். தயிர்போல் கெட்டியாக, பளபளப்பாக, பிரஷ் நுனியைத் தூக்கினால் கொம்புபோல் நிற்கும் நுரை வேண்டும். பழகியவர்களைக் கேட்டால் நல்ல சவரத்தில் பாதி இந்த நுரை என்பார்கள்.

கத்தியைப் பிடிப்பது தனி அப்பியாசம். அலகுக்கும் பிடிக்கும் நடுவே இருக்கும் கழுத்தின் மேல்புறம் மூன்று விரல்கள், கீழே கட்டைவிரல், வளைந்த வாலின்மேல் சுண்டுவிரல். பிடி மேல்நோக்கி விரிந்து நிற்கும். இந்தப் பிடிப்பு கைக்குச் சுபாவமாகும்வரை, வெண்ணெய் தடவும் மொட்டைக் கத்தியை வைத்துக்கொண்டு, நுரை போட்ட முகத்தில் நாலைந்து நாள் வெள்ளோட்டம் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அசல் சவரத்தை வலது கன்னத்தில் தொடங்கவேண்டும். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, கிருதாவுக்கு மேலே விரல்களை ஊன்றித் தோலை இறுக்கி மேலே இழுத்துக்கொள்ளவேண்டும். கத்தியின் முதுகு தோலிலிருந்து, அந்த முதுகின் பருமனைப்போல் இரண்டு மடங்கு விலகியிருந்தால் ஏறத்தாழ 30 பாகைக் கோணம் அமையும். அதற்குக் குறைந்தால் முடியைப் பிடித்து இழுக்கும், கூடினால் வெட்டும். முடி படிந்த திசையிலேயே, அங்குலம் அங்குலமாக, கீழ்நோக்கி. கத்தி தன் விளிம்புக்குக் குறுக்கேதான் நகரவேண்டும்; வெள்ளரிக்காய் நறுக்குவதுபோல் நெடுக நழுவினால், வலி தெரிவதற்கு முன்னே சிவப்புக் கோடு தெரியும்.

காதையும் தீட்டிக்கொள்ளவேண்டும். கூரும் கோணமும் பொருந்தியிருந்தால், நெல் அறுக்கும் அரிவாளின் ஓசையைக் குழந்தையாக்கியதுபோல் 'சரக், சரக்' என்று ஒரு மெல்லிய சப்தம் கேட்கும். சப்தம் நின்று சும்மா இழுபடுகிறது என்றால், கத்தி வாருக்குத் திரும்பவேண்டும் என்று அர்த்தம்.

முதல் வாரம் இரண்டு கன்னங்கள் மட்டும். மற்றதைப் பழைய ரேஸரிடமே விட்டுவிடலாம். அதற்குக் கோபம் வராது. பிறகு கழுத்து, அங்கே முடி ஒரே திசையில் படியாமல் சுழித்துக்கொண்டு போகும். மோவாயும் மேலுதடும் கடைசி. மோவாயின் வளைவில் கத்திக்குச் சமதரை கிடையாது. என் உதட்டோரத்தில் இருக்கும் சிறு தழும்பு அங்கே எழுதியதுதான். ஒருமுறை மழித்த இடத்தில் மறுபடியும் நுரை போடாமல் கத்தி வைப்பதும், எதிர்ச்சவரத்துக்கு முதல் மாதத்திலேயே ஆசைப்படுவதும், வழவழப்பு போதவில்லை என்று நாலாவது சுற்றுப் போவதும் பேராசையில் சேர்ந்தவை. முப்பது சவரம் ஆகும்போது பயம் போகும், நூறு ஆகும்போது கை நிற்கும் என்பது பழகியவர்கள் சொல்லும் கணக்கு.

முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, வாரில் நாலு இழுப்பு இழுத்து ஈரம் போக்கி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, குளியலறைக்கு வெளியே வைக்கவேண்டும். சென்னைக் கடற்காற்றில் ஒரு ராத்திரி ஈரத்தோடு கிடந்த கரியெஃகுக் கத்தி காலையில் புள்ளி விழுந்து நிற்கும். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்குப் பிடிக்கும். கீறலுக்கு, நாட்டுமருந்துக் கடைப் படிகாரக்கல்லை நனைத்துத் தேய்த்தால் ரத்தம் நிற்கும். எங்கெங்கே அழுத்தினோம் என்பதை அது எரிச்சலாகச் சொல்லியும் கொடுக்கும்.

---

கவனிக்க

■ ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை வியாதியால் புண் எளிதில் ஆறாதவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், முகத்தில் பழுத்த பரு உள்ளவர்கள், சிறு காயமும் தடித்த தழும்பாக எழும் சருமம் உள்ளவர்கள் இதில் இறங்குமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

■ கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாமல் காலை விலக்கிக்கொள்ளவேண்டும்.

■ ஒருவர் கத்தியை மற்றவர் உபயோகிக்கக்கூடாது. மஞ்சள்காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்குக் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியே போதும்.

■ விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோக அனுமதி இல்லை. பெட்டியில் வைத்துச் சரக்கோடு அனுப்பவேண்டும்.

---

பழகியபின் என்ன ஆகிறது?

முதலில் சருமம். பல அலகு ரேஸரில் முன்னே போகும் அலகு முடியைச் சற்று வெளியே இழுக்க, பின்னே வருவது அதைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடுகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு அந்த முடி திரும்ப வளரும்போது தோலுக்குள்ளேயே வளைந்து கொப்புளமாகிறது. ஒற்றை அலகு தோல்மட்டத்தோடு நின்றுகொள்வதால், இந்தத் தொந்தரவு குறைந்ததாகச் சொல்பவர்கள் அநேகர். எல்லோருக்கும் குறையும் என்று நான் சொல்லமாட்டேன். கை பழகாத மாதங்களில் எரிச்சல் கூடவும் செய்யும்.

பணம் மிச்சமாகும் என்ற வாதத்தை நம்பிக் கத்தி வாங்கவேண்டாம். கணக்குப்படி அது உண்மை; பிளேடும் வேண்டாம், பிளாஸ்டிக் குப்பையும் இல்லை. ஆனால் கத்தி வாங்கியவன் கத்தியோடு நின்றதை நான் பார்த்ததில்லை. இரண்டாவது வார், மூன்றாவது கல், வளைக்கரடி ரோமப் பிரஷ், சந்தன வாசனைச் சோப்பு என்று அலமாரி நிறையும். இல்லாளின் முகம் மாறும்.

நேரந்தான் உண்மையான மாற்றம். ஐந்து நிமிஷத்தில் முடிந்த காரியம் அரைமணியாகிறது. அந்த அரைமணியில் தொலைபேசியைப் பார்க்க முடியாது, பேச முடியாது, நாளைய கூட்டத்தில் மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்று நினைக்கவும் முடியாது. மென்பொருள் கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர், நாள் முழுவதும் தம்மை யாரும் கூப்பிடத் துணியாத வேளை இது ஒன்றுதான் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி, கத்தியைக் கீழே வைத்தவர்களின் பக்கம். 1986-இல் சென்னையில் நடந்த பரிசோதனையில்தான் எச்.ஐ.வி. கிருமி நம் தேசத்தில் முதன்முதல் கண்டறியப்பட்டது. அதைத் தொடர்ந்து பரவிய பிரசாரமும் பயமும், ஒரே கத்தியால் ஊர் முழுவதையும் மழித்துவந்த வழக்கத்துக்கு முடிவு கட்டின. 'எனக்குப் புது பிளேடு போடுப்பா' என்று வாடிக்கைக்காரர் கேட்பது சகஜமாயிற்று. சுகாதாரத்தைப் பொறுத்தவரையில் இது நல்ல மாறுதல், சந்தேகமில்லை. அந்த மாறுதலோடு கல்லும் வாரும் மூலைக்குப் போயின. சாணை பிடிக்கத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன. கத்தி வாங்கிய இளைஞர்கள் இன்று சாணைக்கு ஆள் தேடி அலைவது இதனால்தான்.

ஆனால் கத்தி போனதற்காக நாவிதர் வீடுகளில் யாரும் அழவில்லை என்பதையும் எழுதவேண்டும். கத்தியும் கிண்ணியும் கல்லும் அடங்கிய அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீடு வீடாகப் போய்த் திண்ணைக்குக் கீழே குந்தி மழித்துவிட்டு, அறுவடைக் களத்தில் மரக்கால் நெல்லுக்குக் காத்து நின்ற காலம் அந்தக் கத்தியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே கத்தியால் கட்டியைக் கீறி வைத்தியம் பார்த்தவர்கள் அவர்கள். மருத்துவர் என்ற பெயர் அந்தச் சமூகத்துக்கு உரியது. ஆயினும் ஊர் அவர்களை வாசலோடு நிறுத்தியது. அந்த ஊரின் கட்டளைப்படி, சேரியில் பிறந்தவருக்குக் கத்தி எடுக்காமல் அவர்களும் இருந்தார்கள். இன்றும் சில கிராமங்களில் தலித் இளைஞர்கள் முடி வெட்டிக்கொள்ளப் பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறவேண்டியிருக்கிறது.

காந்தியடிகள் தம் சுயசரிதையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார நாவிதர் அவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். காந்தி ஒரு கத்தரிக் கருவியை வாங்கிக் கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் கோணலாகிப் போய், கோர்ட்டில் நண்பர்கள் சிரித்தார்கள். எலி கடித்ததா என்று கேட்டார்களாம். அந்த நாவிதர்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை; நம் ஊர் நாவிதரைத் தீண்டாதார் எனப்பட்டவருக்குச் சேவகம் செய்ய நாம் விடுவதில்லையே, அதன் பலன் இது என்று எண்ணிக்கொண்டார். தன் முகத்துக்குத் தானே கத்தி வைப்பது ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகவும், இன்னொருவனுக்கு வேறு வழியில்லாத காரியமாகவும் இருந்திருக்கிறது.

பிஸ்கோத்து டப்பா

கும்பகோணத்துப் பெரியவர் இறக்கிய டப்பாவுக்குள், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பழைய கத்தியும், நடுவில் படகுபோல் குழிந்துபோன ஒரு கருங்கல்லும் இருந்தன. கல்லைப் புரட்டிக் குழியாத பக்கத்தை மேலே வைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, பதினெட்டாயிரம் ரூபாய்க் கத்தியை அதன்மேல் படுக்கவைத்தார். இருபது வருஷம் ஓய்ந்திருந்த கை என்று சொல்ல முடியாது. முக்கால் மணி நேரம் 'ஸ்ஸ், ஸ்ஸ்' என்ற ஓசையைத் தவிர அந்தச் சலூனில் பேச்சில்லை.

"உங்க பையனுக்கு இது தெரியுங்களா, ஐயா?" என்று இளைஞன் கேட்டான்.

"நான் சொல்லிக் குடுக்கலை. வேணாம்னு விட்டுட்டேன்."

கல்லிலிருந்து எடுத்த கத்தியை இடது உள்ளங்கையில் இப்படியும் அப்படியுமாகப் பத்துத் தடவை புரட்டிவிட்டு, முன்கை ரோமத்தில் வைத்தார். இந்தத் தடவை ரோமம் வளையவில்லை. கத்தியை இளைஞனிடம் நீட்டி, நுரை போடச் சொல்லி, அவன் பின்னால் வந்து நின்று அவனுடைய மணிக்கட்டை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். "கத்தியை அழுத்தாதீங்க. தோலை இழுங்க. ம்... இப்ப விடுங்க." வலது கன்னம் ஒரு கீறலும் இல்லாமல் முடிந்தது.

அதற்குள் அன்றைய முதல் வாடிக்கைக்காரர் வந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவர் கல்லைத் துடைத்து டப்பாவில் வைத்து மூடினார். மேஜையிலிருந்த பிளேடு ஒன்றை எடுத்து, உறைக் காகிதத்தோடு சேர்த்து நடுவில் மடித்தார். 'டக்' என்று ஒடிந்தது. ஒரு பாதியைப் பிளேடு கத்தியில் செருகிக்கொண்டு, மற்றப் பாதியை அந்தக் காகிதத்திலேயே சுற்றிக் கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் வைத்தார்.